சனியின் சந்திரனைக் கண்ட ஹைகன்ஸ்

சனிக்கிரகத்தைச் சுற்றி ஒரு பெரிய சந்திரன் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே மழை பெய்கிறது. ஆறு ஓடுகிறது. ஏரிகள் நிரம்பிக் கிடக்கின்றன. கடல்கூட உண்டு. ஆனால் அவற்றில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது!

அங்கே ஏரியில் நிற்பது ஒரு வகை எரிவாயு. கடுங்குளிரில் அது திரவமாகி, குளம் குளமாகத் தேங்கி நிற்கிறது.

அந்தச் சந்திரனுக்கு டைட்டன் என்று பெயர். அதை முதன் முதலில் கண்டுபிடித்தவர், ஹாலந்து தேசத்து விஞ்ஞானி கிறிஸ்டியன் ஹைகன்ஸ். வெகு தூரத்துக் கிரகங்களில் திரவம் இருந்தால், அது நம் ஊர்த் தண்ணீராக இருக்க முடியாது என்று எழுதி வைத்தவரும் அவர்தான்.

அவர் எழுதியதில் ஒரு பாதி சரி. ஒரு பாதி தவறு. அது தெரியவர 300 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் அவர் பெயரையே தாங்கிய ஒரு விண்கலம், அந்தச் சந்திரனில் போய் இறங்கிவிட்டது!

பெரிய இடத்துப் பிள்ளை

ஹைகன்ஸ் 1629-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி, ஹாலந்தின் தி ஹேக் நகரில் பிறந்தார். அவருடைய தகப்பனார் கான்ஸ்டன்டைன் செல்வாக்கு மிக்கவர். ஆரஞ்சு வம்சத்து இளவரசர்களுக்குச் செயலாளராக இருந்தார். கவிதை எழுதுவார். சங்கீதமும் தெரியும். பிரெஞ்சுத் தத்துவ ஞானி டெகார்ட் அந்த வீட்டுக்கு நண்பர்.

அந்தக் காலத்தில் ஹாலந்து தேசத்துக் கப்பல்கள் உலகமெங்கும் சுற்றின. நம் பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டியிருந்தார்கள். சோழ மண்டலக் கரையில் நெய்த துணியை மூட்டை மூட்டையாக வாங்கிப் போனார்கள். 1658-ம் ஆண்டு நாகப்பட்டினத்தையும் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்துக்கொண்டார்கள். அத்தகைய பணக்கார தேசத்தில், பெரிய குடும்பத்தில் பிறந்தவர் ஹைகன்ஸ்.

எட்டு வயதிலேயே தாயாரை இழந்தார். வீட்டுக்கே ஆசிரியர்கள் வந்து பாடம் சொன்னார்கள். கணக்கு அவருக்குக் கற்கண்டு. இயந்திரங்கள் செய்து பார்ப்பதில் தீராத ஆசை.

மகன் அரசாங்கத் தூதராக வேண்டும் என்பது தகப்பனாரின் எண்ணம். அதற்காக 16 வயதில் லெய்டன் பல்கலைக் கழகத்துக்குச் சட்டம் படிக்க அனுப்பினார். பையன் சட்டமும் படித்தான். அதைவிட அதிகமாகக் கணிதம் படித்தான்.

1650-ம் ஆண்டில் ஆரஞ்சு இளவரசர் திடீரென்று இறந்தார். குடும்பத்தின் செல்வாக்கும் குறைந்தது. உத்தியோகக் கனவு கலைந்தது. ஆனால் ஹைகன்ஸ் வருந்தவில்லை. தகப்பனார் கொடுத்த பணத்தில் வீட்டிலேயே இருந்து, இஷ்டம்போல் ஆராய்ச்சி செய்தார்.

கண்ணாடி தேய்த்த சகோதரர்கள்

அப்போது டெலஸ்கோப் வந்து ஏறக்குறைய 50 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. கடையில் விற்ற கண்ணாடி வில்லைகள் மட்டமானவை. அவற்றின் வழியே பார்த்தால் உருவம் மங்கும். ஓரத்தில் வானவில் நிறம் தெரியும்.

ஹைகன்சும் அவருடைய அண்ணனும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். வில்லையைத் தாங்களே தேய்ப்பது!

பிரபுக்கள் வீட்டுப் பிள்ளைகள், தொழிலாளிகள்போல் உட்கார்ந்து கண்ணாடி தேய்த்தார்கள். பட்டுத் தறியில் ஓர் இழை பிசகினால் புடவை முழுவதும் தெரிந்துவிடும் என்பது காஞ்சிபுரத்து நெசவாளருக்குத் தெரியும். வில்லையும் அப்படித்தான். மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மேடு இருந்தாலும் போதும், நட்சத்திரம் இரண்டாகத் தெரியும். மணிக்கணக்கில், நாள் கணக்கில் தேய்க்க வேண்டும்.

கடைசியில் ஒரு நல்ல வில்லை கிடைத்தது. அதன் அகலம் 6 சென்டிமீட்டருக்கும் குறைவு. அதை ஏறத்தாழ 12 அடி நீளமுள்ள டெலஸ்கோப்பில் பொருத்தினார்கள். அது பொருளை 50 மடங்கு பெரிதாக்கிக் காட்டியது.

புள்ளியா? சந்திரனா?

1655-ம் ஆண்டு மார்ச் 25-ந் தேதி இரவு. ஹைகன்ஸ் தன் டெலஸ்கோப்பைச் சனிக்கிரகத்தின் பக்கம் திருப்பினார்.

நவக்கிரக சன்னதியில் எள் விளக்கு ஏற்றி மக்கள் வணங்குகிறார்களே, அந்தச் சனிதான். அதை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கத்தில், விளக்கு வெளிச்சம் எட்டாத வயல் வரப்பில் நின்றால், சனி தெரியும் மாதங்களில் மங்கிய மஞ்சள் நிறத்தில், கண் சிமிட்டாத நட்சத்திரம்போல் அது தெரியும். ஆனால் அதன் சந்திரன் வெறும் கண்ணுக்குத் தெரியாது.

ஹைகன்ஸ் பார்த்தபோது, சனியின் பக்கத்தில் ஒரு சிறிய ஒளிப் புள்ளி இருந்தது. வேறு சிலரும் அந்தப் புள்ளியை அதற்கு முன் பார்த்தது உண்டு. ஏதோ நட்சத்திரம் என்று எண்ணி விட்டுவிட்டார்கள்.

ஹைகன்ஸ் விடவில்லை. அடுத்த இரவும் பார்த்தார். அதற்கடுத்த இரவும் பார்த்தார். சனி நகர நகர, புள்ளியும் கூடவே வந்தது. ஒரு பக்கம் இருந்த புள்ளி மறுபக்கம் போயிற்று. மீண்டும் பழைய இடத்துக்கு வந்தது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 16 நாள்!

சந்தேகம் தீர்ந்தது. அது சனியின் சந்திரன்.

1610-ம் ஆண்டு கலிலியோ வியாழனுக்கு 4 சந்திரன்களைக் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு 45 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த புதிய சந்திரன் இதுதான். அப்போது ஹைகன்சுக்கு வயது 25.

சனியின் காது

அதோடு இன்னொரு புதிரையும் அவர் அவிழ்த்தார். சனியின் இரு பக்கமும் காதுபோல் ஏதோ ஒன்று நீட்டிக்கொண்டிருப்பதைக் கலிலியோ கண்டிருந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் காதுகளைக் காணோம்! பிறகு மீண்டும் முளைத்தன. அறிஞர்கள் குழம்பினார்கள்.

சனியைச் சுற்றி மெல்லிய, தட்டையான வளையம் இருக்கிறது, அது எங்கேயும் சனியைத் தொடவில்லை என்று ஹைகன்ஸ் கண்டறிந்தார். வளையத்தின் விளிம்பு மட்டும் நம் பக்கம் திரும்பும்போது, அது கண்ணுக்கு மறைந்துவிடுகிறது.

முதலில் இதை அவர் வெளிப்படையாகச் சொல்லவில்லை. எழுத்துக்களைக் கலைத்துப் போட்டு, விடுகதைபோல் 1656-ல் அச்சிட்டார். வேறு யாரும் முந்திக்கொள்ளக் கூடாது. தன் கருத்தைச் சோதிக்கவும் அவகாசம் வேண்டும். 1659-ம் ஆண்டில்தான் விடையை வெளியிட்டார்.

இவ்வளவு கூர்மையானவர் ஒரு தவறும் செய்தார். அன்று தெரிந்த கிரகங்கள் 6. பூமியின் சந்திரன் 1, வியாழனுக்கு 4, சனிக்கு 1. ஆக சந்திரன்களும் 6. கணக்கு அழகாகப் பொருந்திவிட்டது. இனி சந்திரன் இருக்காது என்று எண்ணிவிட்டார். அதனால் தேடவே இல்லை. 1671-ல் காசினி என்ற விஞ்ஞானி சனிக்கு இன்னொரு சந்திரனைக் கண்டுபிடித்தார்.

நொடி காட்டும் கடிகாரம்

அந்தக் காலத்துக் கடிகாரங்கள் ஒரு நாளில் கால் மணி நேரம்கூடப் பிசகும். வானத்தை அளக்க அது உதவாது. 1656-ம் ஆண்டு ஹைகன்ஸ் ஊசலாடும் குண்டு வைத்த கடிகாரத்தை அமைத்தார். பிசகு நாளுக்குச் சில நொடிகளாகக் குறைந்தது. சுவரில் ஆடும் பெண்டுலம் கடிகாரம் பிறந்த கதை இதுதான்.

அவருடைய புகழ் ஐரோப்பா முழுவதும் பரவியது. 1666-ம் ஆண்டு பிரெஞ்சு அரசாங்கம் அவரைப் பாரிசுக்கு அழைத்தது. புதிதாக அமைந்த விஞ்ஞானக் கழகத்தில் முதன்மையான இடம் கொடுத்தது. பிறகு காசினியும் அதே கழகத்தில் சேர்ந்தார்.

ஆனால் உடம்பு ஒத்துழைக்கவில்லை. அடிக்கடி நோய், நோயோடு மனச்சோர்வு. 1681-ல் சிகிச்சைக்காக ஊர் திரும்பியவர், மீண்டும் பாரிசுக்குப் போகவே இல்லை. அவரை ஆதரித்த மந்திரி கால்பெர் 1683-ல் காலமானார். 1685-ல் பிரெஞ்சு மன்னர் புராட்டஸ்டண்டு மதத்தினருக்கு இருந்த உரிமைகளைப் பறித்தார். ஹைகன்ஸ் அந்த மதத்தைச் சேர்ந்தவர். பாரிஸ் கதவு மூடிவிட்டது.

1687-ல் தகப்பனாரும் போய்விட்டார். ஹைகன்ஸ் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊருக்கு வெளியே, தகப்பனார் கட்டிய தோட்ட வீட்டில் பெரும்பாலும் தனிமையில் காலம் கழித்தார். ஒளி அலைபோல் பரவுகிறது என்று விளக்கும் அவருடைய நூல் 1690-ல் வெளிவந்தது.

கடைசிப் புத்தகம்

சாவு நெருங்கியபோது அவர் எழுதி முடித்த புத்தகம் வேறு விதமானது. மற்ற கிரகங்களிலும் உயிர்கள் இருக்குமா? இதுதான் அதன் கேள்வி.

செடி வளர ஈரம் வேண்டும். பிராணிகளுக்கும் திரவம் வேண்டும். ஆனால் வியாழனும் சனியும் சூரியனுக்கு வெகு தூரத்தில் இருக்கின்றன. அங்கே நம் தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றினால் கல்லாக உறைந்துவிடும். ஆகவே, அங்கே திரவம் இருந்தால், அந்தக் குளிரிலும் உறையாத வேறு வகைத் திரவமாகத்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு கிரகத்துக்கும் அதன் வெப்பத்துக்கு ஏற்ற திரவம் இருக்கும் என்பது அவருடைய வாதம்.

ரசாயன சாஸ்திரம் நன்றாக வளராத காலம் அது. மீதேன் என்ற பெயர்கூடக் கிடையாது. வெறும் யோசனையின் பலத்தால் அவர் அங்கே எட்டினார்.

ஆனால் சந்திரன்கள் விஷயத்தில் அவர் வேறு விதமாக நினைத்தார். நம் சந்திரனில் கடலும் இல்லை, மேகமும் இல்லை. மற்ற சந்திரன்களும் அதைப் போலத்தான் வறண்டு கிடக்கும் என்று எழுதினார். தான் கண்டுபிடித்த சந்திரனிலேயே அந்த விசித்திரத் திரவம் அலையடிக்கிறது என்பது அவருக்குத் தெரியாது!

புத்தகத்தை அச்சிடும் பொறுப்பை அண்ணனிடம் விட்டார். 1695-ம் ஆண்டு ஜூலை 8-ந் தேதி கண்ணை மூடினார். அவர் இறந்து 3 ஆண்டுகளுக்குப் பின், 1698-ல் புத்தகம் வெளிவந்தது.

சென்னையிலும் ஆராய்ச்சி

ஹைகன்ஸ் தன் சந்திரனுக்குத் தனிப் பெயர் வைக்கவில்லை. சனியின் சந்திரன் என்றே எழுதினார். டைட்டன் என்ற பெயரை 1847-ல் சூட்டியவர் ஜான் ஹெர்ஷல்.

அடுத்த சில ஆண்டுகளில் சென்னையும் இந்தக் கதையில் சேர்ந்தது. நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் இயங்கிய வான ஆராய்ச்சிக் கூடத்தில், ஜேக்கப் என்ற ஆங்கிலேய அதிகாரி தலைவராக இருந்தார். சனியின் உள் வளையம் திரைச்சீலைபோல் மறுபக்கம் தெரியும்படி இருப்பதை அவர் 1852-ல் கண்டார். சனியின் சந்திரன்கள் ஓடும் பாதையையும் அளந்தார்.

ஆனால் டைட்டனில் என்ன இருக்கிறது? அதற்கு 1944 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கைப்பர் என்பவர் அமெரிக்காவிலிருந்து டைட்டனின் ஒளியைப் பிரித்துப் பார்த்தார். ஒவ்வொரு வாயுவும் ஒளியில் சில நிறங்களை மட்டும் விழுங்கும். எந்த நிறம் குறைகிறது என்று பார்த்தால், எந்த வாயு என்று சொல்லிவிடலாம். டைட்டனில் குறைந்த நிறங்கள், அங்கே மீதேன் வாயு இருப்பதைக் காட்டிக்கொடுத்தன. இந்தக் கைப்பரும் ஹாலந்தில் பிறந்தவர்தான்!

பெயர் தாங்கிய விண்கலம்

1980-ல் வாயேஜர் விண்கலம் டைட்டனைக் கடந்து சென்றது. ஆரஞ்சு நிறப் புகைமூட்டம் தரையை மறைத்துவிட்டது. ஒரு செய்தி மட்டும் உறுதியாயிற்று. அங்கே நம் பூமியைவிடக் கனமான காற்று மண்டலம் உண்டு. அதில் பெரும்பகுதி நைட்ரஜன்.

1997 அக்டோபர் 15-ந் தேதி இரட்டை விண்கலம் ஒன்று புறப்பட்டது. தாய்க்கலத்துக்குக் காசினி என்று பெயர். அதன் மடியில் இருந்த 319 கிலோ எடையுள்ள சின்னக் கலத்துக்கு ஹைகன்ஸ் என்று பெயர். பாரிஸ் கழகத்தில் ஒன்றாக இருந்த இருவரும், பெயரளவில் ஒன்றாகச் சனிக்குப் பயணமானார்கள்.

2005 ஜனவரி 14-ந் தேதி ஹைகன்ஸ் கலம் பாரசூட் உதவியோடு டைட்டனில் இறங்கியது. இறங்க இரண்டரை மணி நேரம் ஆயிற்று. வழியெல்லாம் படம் எடுத்தது. மலைச்சரிவில் ஆறு ஓடிய தடங்கள்! தரையில் உருண்டைக் கற்கள்! ஆற்று நீர் உருட்டிய கூழாங்கல்போல் அவை வழவழப்பாக இருந்தன. ஆனால் அவை பனிக்கட்டிகள். அங்கே தண்ணீர்தான் பாறை.

தரை ஈர மணல்போல் இருந்தது. கலத்தின் சூடு பட்டதும், மண்ணிலிருந்து மீதேன் ஆவி கிளம்பியது.

மறு ஆண்டு, 2006 ஜூலையில், காசினி கலம் ரேடார் அலைகளை டைட்டனின் வட துருவத்தின் மீது வீசியது. கரடுமுரடான தரை அலையைத் திருப்பி அனுப்பும். வழவழப்பான திரவப் பரப்பு அனுப்பாது. படத்தில் கன்னங்கரேல் என்று தெரியும். அப்படிக் கறுத்த திட்டுகள் பல தெரிந்தன. அவைதான் ஏரிகள்!

ஏரியில் என்ன இருக்கிறது?

டைட்டனில் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே ஏறக்குறைய 180 டிகிரி. சூரியனிலிருந்து அதன் தூரம் 143 கோடி கிலோ மீட்டர். பூமிக்குக் கிடைக்கும் வெயிலில் நூறில் ஒரு பங்குதான் சனியின் பக்கம் போய்ச் சேருகிறது.

இந்தக் குளிரில் தண்ணீர் கருங்கல்போல் இறுகிவிடும். மீதேன் மட்டும் திரவமாக நிற்கும்.

மீதேன் நமக்குப் புதிதல்ல. ஏரிச் சேற்றைக் கம்பால் கிளறினால் குமிழி வருகிறதே, அதில் இருப்பது மீதேன். சாண எரிவாயுக் கலனில் எரிவதும் அதுதான். ஒரு கரி அணுவோடு நான்கு ஹைட்ரஜன் அணு சேர்ந்தால் மீதேன். கரி அணு இரண்டானால் ஈதேன். மூன்றானால் புரோப்பேன், நான்கானால் பியூட்டேன். இந்தக் கடைசி இரண்டும்தான் வீட்டுச் சமையல் சிலிண்டரில் இருக்கின்றன. சிலிண்டரை ஆட்டினால் உள்ளே திரவம் அலம்பும். அங்கே அழுத்தம் வாயுவைத் திரவமாக்குகிறது. டைட்டனில் குளிரே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

மேலே காற்று மண்டலத்தில் வெயில் பட்டு மீதேன் உடைகிறது. உடைந்த துண்டுகள் ஒன்றோடு ஒன்று கூடி ஈதேன் ஆகின்றன. இன்னும் பெரிய துகள்களும் உண்டாகின்றன. ஆரஞ்சு நிற மூட்டம் அவற்றால் வந்ததே. துகள்கள் கரிப்புகைபோல் மெல்லத் தரையில் படிகின்றன. நடுப்பகுதியில் அவை மணல் மேடுகளாகக் குவிந்திருக்கின்றன.

மீதேன் ஆவியாகி மேலே போய், மேகமாகி, மழையாக விழுகிறது. டைட்டனின் ஈர்ப்பு சக்தி பூமியில் ஏழில் ஒரு பங்கு. காற்றோ கனமானது. அதனால் மழைத் துளி பஞ்சுபோல் மெதுவாக இறங்கும்.

வட துருவத்தில் லிஜியா என்று ஒரு கடல். அதன் பரப்பளவு ஏறக்குறையத் தமிழ்நாடு அளவு. சில இடங்களில் ஆழம் 160 மீட்டர். அதில் பெரும்பகுதி மீதேன். கிராக்கன் என்ற கடல் அதைப்போல் மூன்று மடங்கு. தென் பகுதியில் ஒன்டாரியோ என்ற ஏரியில் ஈதேன் இருப்பது 2008-ல் தெரிந்தது. டைட்டனில் உள்ள இந்த வகைத் திரவம், பூமியில் இதுவரை அறியப்பட்ட எண்ணெய், எரிவாயு இருப்பைவிடப் பல நூறு மடங்கு என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஒரு தீக்குச்சியைக் கிழித்துப் போட்டால் அந்தக் கடல் பற்றிக்கொள்ளுமா? பற்றாது! நெருப்பு எரியப் பிராணவாயு வேண்டும். டைட்டன் காற்றில் அது இல்லை. தீக்குச்சியும் சிறிது நேரத்தில் அணைந்துபோகும்.

பனிக்கட்டி தண்ணீரில் மிதக்கும். டைட்டன் ஏரியில் போட்டால் மூழ்கிவிடும். திரவ மீதேன் தண்ணீரின் பாதி எடைதான். அதில் உப்பு கரையாது; சர்க்கரை கரையாது. உப்பும் சர்க்கரையும் தண்ணீரில் கரைந்து ஓடுவதால்தான் நம் ரத்தமும், செடியின் சாறும் வேலை செய்கின்றன. ஆகவே நம்மைப்போன்ற உயிர் அந்த ஏரியில் வாழ முடியாது. வேறு விதமான உயிர் உண்டாகுமா? அது இன்னும் விடை தெரியாத கேள்வி.

இன்னொரு புதிரும் உண்டு. வெயிலில் மீதேன் உடைந்துகொண்டே இருந்தால், சில கோடி ஆண்டுகளில் தீர்ந்துபோயிருக்க வேண்டும். தீரவில்லை. டைட்டனின் உள்ளேயிருந்து அது ஊறி வருகிறது என்று விஞ்ஞானிகள் எண்ணுகிறார்கள்.

காசினி கலம் 2017 செப்டம்பர் 15-ந் தேதி சனிக்குள் பாய்ந்து எரிந்தது. அடுத்து, டைட்டன் காற்றில் பறந்து பறந்து மண்ணைச் சோதிக்கும் டிராகன்ஃபிளை என்ற கலத்தை 2028-ல் அனுப்ப அமெரிக்கர்கள் திட்டமிட்டிருக்கிறார்கள். அது போய்ச் சேர 6 ஆண்டுகள் ஆகும்.

ஹைகன்ஸ் கடைசிக் காலத்தில் வாழ்ந்த தோட்ட வீடு இப்போது அருங்காட்சியகம். சகோதரர்கள் கையால் தேய்த்த அந்த வில்லை, உட்ரெக்ட் பல்கலைக்கழகக் காட்சிசாலையில் பத்திரமாக இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தக் கண்ணாடித் துண்டில்தான் டைட்டனின் கதை தொடங்கியது.